டிக்கு மட் எஞ்சினின் வரலாற்றை ஓடவிட்டே படிப்பது எப்படி

ஒரு பழைய கேம் எஞ்சினின் வரலாற்றைப் பெயரும் ஆண்டுமாக மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் மறந்துவிடும், நான் செய்து பார்த்தேன், அப்படித்தான் ஆனது. பலர் சேர்ந்து எழுத்தாலேயே ஆடும் விளையாட்டுகளுக்கான டிக்கு மட் எஞ்சினுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. அதன் வாரிசுகளில் ஒன்றை உங்கள் கணினியில் இறக்கி, கம்பைல் செய்து (மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றி), உள்ளே போய் நடந்து பார்த்து, அப்புறம் அந்தந்த இடத்தின் கோப்பைத் திறந்து படிப்பது. ஒரு சனிக்கிழமை போதும். சி மொழி கொஞ்சம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பாதி தூரம் வரலாம், ஏனென்றால் இந்த எஞ்சினின் பாதி வெறும் உரைக்கோப்புகள்தான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் நான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் கொஞ்சம் முன்கதை. மட் என்பது மல்டி யூசர் டன்ஜன் என்பதன் சுருக்கம். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் எழுதத் தொடங்கி, பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்த விளையாட்டுக்கு வைத்த பெயர் அது, பின்னால் அந்த வகைக்கே பெயராகிவிட்டது. படம் கிடையாது. நீங்கள் நிற்கும் அறை எழுத்தில் வரும், நீங்களும் எழுத்தில் கட்டளை கொடுப்பீர்கள், அதே அறையில் வேறு ஆட்கள் நின்றால் அவர்கள் பேசுவதும் செய்வதும் உங்கள் திரையில் ஓடும். 1987இல் வேல்ஸில் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ஆலன் காக்ஸும் நண்பர்களும் அபெர்மட் எழுதினார்கள் (லினக்ஸ் கர்னலில் பிற்பாடு பெயர் பெற்ற அதே ஆலன் காக்ஸ்தான்). அது சி மொழிக்கு மாற்றப்பட்ட பிறகு யூனிக்ஸ் இருந்த பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பரவியது. அதை விளையாடிப் பார்த்து, இதைவிட நன்றாக ஒன்று எழுதலாம் என்று கோபன்ஹேகனில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள்: செபாஸ்டியன் ஹாமர், டாம் மேட்சன், கட்யா நைபோ, மைக்கேல் சைஃபர்ட், ஹான்ஸ் ஹென்ரிக் ஸ்டேர்ஃபெல்ட். டிக்கு என்பது கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினியியல் துறையின் டேனிஷ் சுருக்கப்பெயர். 1990இல் எழுத ஆரம்பித்து 1991இல் வெளியே விட்டார்கள், மூலநிரலோடு. அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். மூலநிரல் கையில் கிடைத்ததால்தான் சர்க்கிள், மெர்க், ரோம், ஸ்மாக் என்று ஒரு பெரிய வம்சமே கிளைத்தது.

இனி வேலை. அசல் டிக்குவையே எடுத்து இன்றைய கம்பைலரில் போராட வேண்டாம். ஜெரமி எல்சன் 1993இல் வெளியிட்ட சர்க்கிள்மட் நேராக டிக்குவிலிருந்து வந்தது, நிரல் சுத்தமாகவும் நிறைய குறிப்புகளோடும் இருக்கும். அதன் 3.1 பதிப்பு 2002இல் வந்தது. அதற்குப் பிறகு அதே நிரலை எடுத்துப் பராமரித்து வருவது டிபிஏமட். கிட்ஹப்பில் கிடைக்கும், இன்றைய லினக்ஸில் தகராறு இல்லாமல் கம்பைல் ஆகும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ்காரர்கள் உள்ளே ஒரு உபுண்டுவை நிறுவிக்கொள்ளுங்கள். ஜிசிசி கம்பைலர், மேக் கருவி இரண்டும் இருந்தால் போதும். கான்ஃபிகரை ஓடவிட்டு, எஸ்ஆர்சி அடைவுக்குள் போய் மேக் என்று தட்டி, வெளியே வந்து, பின் என்ற பெயருள்ள அடைவில் இருக்கும் சர்க்கிள் என்ற கோப்பை ஓடவிடுங்கள். ஆமாம், டிபிஏமட்டிலும் அந்தக் கோப்புக்கு இன்னும் சர்க்கிள் என்றுதான் பெயர். சர்வர் 4000ஆம் போர்ட்டில் எழுந்து நிற்கும். இன்னொரு டெர்மினலில் டெல்நெட் மூலம் உங்கள் கணினியின் 4000க்கு இணையுங்கள். பெயர் கேட்கும், கடவுச்சொல் கேட்கும், மந்திரவாதியா, பூசாரியா, திருடனா, போர்வீரனா என்று கேட்கும். இந்த நான்கும் டிக்குவிலேயே இருந்தவை.

புதிய சர்வரில் முதலில் பெயர் பதிவு செய்பவர் தானாகவே தலைமைப் பொறுப்பாளர் ஆகிவிடுவார், 34ஆம் லெவல். அதனால் நீங்கள் சாதாரண ஆட்கள் பிறக்கும் இடத்தில் இறங்க மாட்டீர்கள், 1204 என்ற எண் கொண்ட, நிர்வாகிகளுக்கான அறையில் நிற்பீர்கள். கோட்டு 3001 என்று தட்டுங்கள். இப்போது மிட்கார்ட் நகரத்துக் கோயிலில் நிற்கிறீர்கள். டிக்கு வழி வந்த எத்தனையோ மட்களில் எத்தனையோ பேர் கண் விழித்த முதல் அறை இது. படிகளில் இறங்கினால் கோயில் சதுக்கம், அதற்குத் தெற்கே சந்தைச் சதுக்கம். கொஞ்ச நேரம் சும்மா சுற்றுங்கள். கடைகளுக்குள் போங்கள், ரொட்டிக்கடைக்காரரைப் பாருங்கள். தெருவில் நகரக் காவலர்கள் திரிவார்கள், ஒரு துப்புரவாளர் வருவார், அழுக்கு நாய்கள் சில வரும்.

அந்தத் துப்புரவாளரைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்வேன். எதையாவது கீழே போட்டுவிட்டு நில்லுங்கள், அவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். ஆனால் எல்லாவற்றையும் எடுக்க மாட்டார். சர்க்கிளின் நிரலில் அவருக்குத் தனியாக ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கிறது: குடிக்கும் பாத்திரம் எதுவாக இருந்தாலும் எடுப்பார், மற்றவற்றில் 15 காசுக்குக் குறைந்தவற்றை மட்டும். நல்ல வாளைக் கீழே வைத்தால் அப்படியே கிடக்கும். நாய்க்கு வேறொரு ஃபங்ஷன்: பிணம் கிடந்தால் தின்னும், பிணத்தோடு இருந்த சாமான்கள் தரையில் சிதறும். ஒரு ஆளின் குணம் சில வரி சி நிரலில் அடங்கியிருப்பதைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம். ஸ்பெக் ப்ரொசீஜர் என்பார்கள், ஸ்பெக்_ப்ராக்ஸ்.சி என்ற கோப்பில் இருக்கும், பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

இங்கேதான் டிக்குவின் அடிப்படைத் தீர்மானம் கண்ணில் படும். அதே காலத்தில், 1989இல், ஸ்வீடனில் லார்ஸ் பென்ஷோ எழுதிய எல்பிமட் வேறு வழியில் போனது. அதில் எஞ்சின் தனி, விளையாட்டு தனி. விளையாட்டு முழுக்க எல்பிசி என்ற மொழியில், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதலாம், மாற்றலாம். டிக்குவில் சண்டை, மந்திரம், பசி, தாகம் எல்லாம் சி நிரலுக்குள் கெட்டியாகப் பூட்டப்பட்டிருக்கும், உலகம் மட்டும் வெளியே உரைக்கோப்பில். டிக்கு மட்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று அந்தக் காலத்திலிருந்தே குறை சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதனால்தான் நிரலெழுதவே தெரியாத ஒரு மாணவர் இறக்கி, கம்பைல் செய்து, அன்று மாலையே நண்பர்களைக் கூப்பிட முடிந்தது. சண்டை தயார், நகரம் தயார், கடைகள் தயார். பரவியதற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

உலகக் கோப்பைத் திறந்து படிப்பது

லிப் அடைவுக்குள் வேர்ல்ட், அதற்குள் டபிள்யூஎல்டி. அதில் 30 என்ற எண்ணோடு ஒரு கோப்பு இருக்கும், 3000 முதல் 3099 வரையுள்ள அறைகள் அதில். எந்த எடிட்டரிலும் திறக்கலாம். ஒவ்வொரு அறையும் ஒரு # குறியும் எண்ணுமாகத் தொடங்கும், அடுத்த வரியில் அறையின் பெயர், அது ஒரு ~ குறியோடு முடியும், அப்புறம் வர்ணனை, அதுவும் ~ குறியோடு முடியும். பிறகு எண்கள் மட்டும் உள்ள ஒரு வரி: எந்த மண்டலம் (அறைகளின் ஒரு தொகுதி), அறையின் குணங்கள் என்ன (இருட்டா, சண்டை தடையா), தரை எப்படிப்பட்டது. அப்புறம் கதவுகள். வடக்கு 0, கிழக்கு 1, தெற்கு 2, மேற்கு 3, மேலே 4, கீழே 5. ஒவ்வொரு திசைக்கும் போய்ச் சேரும் அறையின் எண் இருக்கும். அவ்வளவுதான், நீங்கள் இப்போது நடந்த நகரம் முழுக்க இந்த எண்களின் பின்னல்.

அசல் டிக்குவில் இப்படி மண்டலத்துக்கு ஒரு கோப்பு கிடையாது. உலகத்தின் அறைகள் மொத்தமும் டைனிவேர்ல்ட் என்ற பெயரில் ஒரே கோப்பில், ஆட்கள் இன்னொன்றில், பொருள்கள் இன்னொன்றில். நாலு பேர் சேர்ந்து உலகம் கட்டும்போது அது எவ்வளவு தொல்லை என்று நினைத்துப் பாருங்கள். சர்க்கிள் அதை மண்டலவாரியாகப் பிரித்தது, அறை தனி, ஆள் தனி, பொருள் தனி என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டு. மெர்க் வேறு மாதிரி யோசித்து, ஒரு பகுதியின் அறை, ஆள், பொருள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டது. அதனால் மெர்க் வழியில் வந்த மட்களில் ஒருவர் எழுதிய பகுதியை அந்த ஒரு கோப்பாகவே இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஒரே தாய்க்கு இரண்டு பிள்ளைகள், ஒரே எரிச்சலை ஆளுக்கொரு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். வம்சாவளிப் படத்தில் இது தெரியாது, இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் உடனே தெரியும்.

அடுத்து இசட்ஓஎன் அடைவில் அதே 30ஆம் எண் கோப்பு. எனக்குக் கேட்டால் மொத்த டிக்குவிலும் இதுதான் மிக அழகான பகுதி. ஒரு மண்டலம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், ஆட்கள் உள்ளே இருக்கும்போதும் திரும்பலாமா, எல்லோரும் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டுமா என்று மேலே எழுதியிருக்கும். கீழே ஒவ்வொரு வரியும் ஓர் எழுத்தோடு தொடங்கும் கட்டளை. எம் என்றால் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்து: எந்த எண் ஆள், உலகத்தில் அதிகபட்சம் எத்தனை பேர், எந்த அறை. நகரக் காவலரின் எண் 3060. அதிகபட்சம் தொட்டுவிட்டால் அந்த வரி பேசாமல் நகர்ந்துவிடும், ஒருவர் செத்திருந்தால் புதியவர் வந்து நிற்பார். அடுத்த வரியில் இ என்றால் அவர் கையில் வாளைக் கொடு. அந்த வரியின் முதல் எண் 1 என்றால் முந்தைய வரி நடந்தால் மட்டும் இதைச் செய் என்று அர்த்தம், அதனால் ஆளே வராதபோது வாள் மட்டும் வந்து தொங்காது. கொன்ற அரக்கன் கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் மறுபடி நிற்பது இன்றைய ஆன்லைன் கேம்களில் சாதாரணம். அது இங்கே நாலைந்து எண்கள் கொண்ட ஒரே வரி.

நேரத்தையும் இதே மாதிரி பிரித்துப் பாருங்கள். சர்க்கிளில் ஒரு நொடிக்கு 10 துடிப்பு. சர்வர் ஒரே ப்ராசஸாக ஓடும், ஒவ்வொரு துடிப்பிலும் யாராவது புதிதாக வந்தார்களா என்று பார்க்கும், எல்லோரும் தட்டியதை வாங்கும், கட்டளைகளை நிறைவேற்றும், பதிலை அனுப்பும், திரும்பவும் தூங்கும். சண்டை 2 நொடிக்கு ஒரு சுற்று. உலகத்தில் ஒரு மணி நேரம் என்பது நமக்கு 75 நொடி, அதைத்தான் டிக் என்பார்கள். உயிர், மந்திர சக்தி, நடக்கும் தெம்பு எல்லாம் டிக்குக்கு டிக் ஏறும், பசியும் தாகமும் கூடவே ஏறும். அப்படியென்றால் அங்கே ஒரு நாள் நமக்கு அரை மணி. மாதத்துக்கு 35 நாள், வருடத்துக்கு 17 மாதம், ஒரு வருடம் நமக்குப் பன்னிரண்டரை நாளுக்குக் கொஞ்சம் குறைவு. ஓர் அரக்கனைக் கொன்றால் அதன் பிணம் 5 டிக், அதாவது ஆறேகால் நிமிடம் கிடக்கும். நீங்கள் செத்தால் உங்கள் பிணத்துக்கு 10 டிக், பன்னிரண்டரை நிமிடம். அதற்குள் ஓடிப்போய் உங்கள் சாமான்களை எடுக்க வேண்டும். சாவுக்கு இப்படி ஒரு கெடு இருப்பதால்தான் நண்பர்கள் தேவைப்பட்டார்கள், கூப்பிட்டால் ஓடிவர. காம்.சி கோப்பில் கேம்_லூப் என்ற ஃபங்ஷனையும் லிமிட்ஸ்.சி கோப்பில் பாயின்ட்_அப்டேட் என்பதையும் தேடிப் படியுங்கள், இவ்வளவும் அங்கே இருக்கிறது.

இன்டர்ப்ரிட்டர்.சி கோப்பில் கட்டளைகளின் அட்டவணையையும் ஒரு பார்வை பாருங்கள். திசைகள்தான் மேலே இருக்கும். நீங்கள் தட்டியதை மேலிருந்து கீழே ஒப்பிட்டு, முதலில் ஒத்துப்போவதை எடுத்துக்கொள்ளும். வடக்குக்கு முதல் எழுத்தை மட்டும் தட்டினால் போதும் என்பது அந்த வரிசையால்தான்.

தமிழில் ஓர் அறை

படித்ததை உறுதிப்படுத்த ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். நான் செய்தது ஓர் அறையின் பெயரையும் வர்ணனையையும் தமிழில் எழுதியது. அது கஷ்டமே இல்லை, உலகக் கோப்பை எஞ்சின் பைட் பைட்டாக அப்படியே படித்து அப்படியே அனுப்புகிறது, எழுத்து எந்த மொழி என்று கேட்பதில்லை. கோப்பை யூடிஎஃப்-8இல் சேமியுங்கள், ~ குறிகளை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், சர்வரை மறுபடி எழுப்பி லுக் என்று தட்டுங்கள். 1991இல் கோபன்ஹேகனில் பிறந்த எஞ்சினின் வழியாகத் தமிழ் வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

சரி என்று, பேசுவதற்கான சே கட்டளையில் வணக்கம் என்று தட்டினேன். என்ன சொல்ல வேண்டும் என்று எஞ்சின் திருப்பிக் கேட்டது, நான் ஒன்றுமே சொல்லாத மாதிரி. டெர்மினல் கோளாறு என்று நினைத்து ஒரு மாலை முழுக்க அதோடு போராடினேன். காரணம் காம்.சியில் ப்ராசஸ்_இன்புட் என்ற ஃபங்ஷனுக்குள் ஒரே ஒரு நிபந்தனை: வந்த பைட் ஆஸ்கியாகவும் (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியீடு, 0 முதல் 127 வரை) அச்சில் வரக்கூடியதாகவும் இருந்தால் மட்டும் வைத்துக்கொள், இல்லாவிட்டால் விட்டுவிடு. தமிழ் எழுத்தின் எந்தப் பைட்டும் ஆஸ்கி கிடையாது, எல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிடுகிறது. அந்தக் காலத்து டெல்நெட் இணைப்பில் வரும் குப்பை பைட்களைத் தடுக்க இது நியாயமான காவல்தான்.

திருத்துவது இப்படி. 128ம் அதற்கு மேலும் உள்ள பைட்களையும் அனுமதிக்கிற மாதிரி அந்த நிபந்தனையை மாற்றுங்கள், கட்டுப்பாட்டுக் குறிகளுக்கான பழைய தடை அப்படியே இருக்கட்டும். ஒப்பிடும் முன் அந்தப் பைட்டை அன்சைன்டு கேர் ஆக மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள், நம் சாதாரணக் கணினிகளில் கேர் என்பது குறி உள்ள எண், தமிழ்ப் பைட்கள் எல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே தெரியும், 128க்கு மேல் என்ற சோதனை ஒருபோதும் உண்மையாகாது. இன்னொன்று, ஒரு கட்டளை வரி எத்தனை பைட் நீளலாம் என்பதற்கு எல்லை உண்டு. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். வணக்கம் என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள், அதாவது 21 பைட். ஆகவே ஆங்கிலத்தில் போகும் அளவில் மூன்றில் ஒரு பங்கு குறியீடுகள்தான் ஒரு வரியில் போகும், நீளமாகப் பேச வேண்டுமானால் ஸ்ட்ரக்ட்ஸ்.ஹெச் கோப்பில் அந்த எல்லையையும் அதன் பக்கத்தில் இருக்கும் மற்ற நீள எல்லைகளையும் சேர்த்தே கூட்டுங்கள். ஆட்களின் பெயரும் பொருள்களைக் கூப்பிடும் சொற்களும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், அவற்றை மாற்றப் போனால் வேலை பெரிதாகும்.

டிபிஏமட்டை விட்டுப் பழைய சர்க்கிள் 3.1ஐ எடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஆட்களின் சேமிப்புக் கோப்பு உரை கிடையாது, நினைவகத்தில் இருக்கும் ஸ்ட்ரக்டை (ஓர் ஆளின் விவரங்களை ஒன்றாகத் தொகுத்து வைக்கும் சி அமைப்பு) அப்படியே வட்டில் எழுதியது. அந்த ஸ்ட்ரக்டில் ஒரு புலத்தைக் கூட்டினாலும் பழைய ஆட்கள் யாரையும் எஞ்சினால் படிக்க முடியாது. நண்பர்களோடு ஓட்டிய சர்வரில் நான் இப்படிச் செய்து எல்லோருடைய லெவலும் போனது. கைவைக்கும் முன் நகல் எடுத்துவையுங்கள். டிபிஏமட்டில் ஆளுக்கொரு உரைக்கோப்பு, இந்தச் சிக்கல் இல்லை.

இப்போது எவர்க்வெஸ்ட் என்ற ஆன்லைன் கேமின் விவகாரத்தைப் படித்தால் நன்றாகப் புரியும். 1999இல் எவர்க்வெஸ்ட் வந்தபோது டிக்கு மட் ஆடியவர்களுக்கு எல்லாம் பழகின மாதிரி இருந்தது. டிக்கு நிரலையே எடுத்துவிட்டார்களோ என்று பேச்சு எழுந்தது, 2000இல் எவர்க்வெஸ்ட் நிரலர்கள் தங்கள் நிரலில் டிக்கு வரி எதுவும் இல்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார்கள், டிக்குக்காரர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். நிரல் போகவில்லை, ஆடும் முறை போயிருக்கிறது. டிக், மண்டலம் திரும்புதல், பிணத்தைத் தேடி ஓடுதல் எல்லாவற்றையும் நீங்கள் இப்போதுதான் வரி வரியாகப் பார்த்தீர்கள், எவர்க்வெஸ்ட் ஆடியவர் யாரையாவது கேளுங்கள், மூன்றும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் சர்வரை நண்பர்களுக்குத் திறக்கப் போகிறீர்கள் என்றால் கூடவே வரும் உரிமக் கோப்பை முழுக்கப் படித்துவிடுங்கள். சர்க்கிளோடு வரும் டிக்கு உரிமம் இரண்டு விஷயத்தில் கறார்: இதை வைத்துப் பணம் பண்ணக் கூடாது, உள்ளே நுழையும்போது அந்த ஐந்து பேரின் பெயர் தெரிய வேண்டும். முகப்புத் திரை லிப் அடைவுக்குள் டெக்ஸ்டில் ஓர் உரைக்கோப்பாக இருக்கிறது. அதில் உங்கள் மட்டின் பெயரைத் தமிழிலேயே பெரிதாகப் போடுங்கள், கீழே இருக்கும் பெயர்களை மட்டும் தொடாதீர்கள்.